என் குரல் எனக்கே கேட்கிறதே!



நான் மும்பை தாராவியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இன்று போனில் வரும் எதிரொலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் சந்தில் குடியிருக்கும் ஒரு அக்கா ஒருநாள் கடைக்கு வந்தார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் இருவருக்கும் பேச நேரம். இன்டர்நெட் வழியாகப் பேசுவார்கள்.

"தம்பி, நான் 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. அவனுக்குக் காய்ச்சலாம். என்ன மருந்து சாப்பிடுகிறான் என்றுகூடக் கேட்க முடியவில்லை" என்றார். அவர் கண் கலங்கியது.

வேறொரு கடையில் மைக் கெட்டுவிட்டது என்று சொன்னார்களாம். 450 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார்களாம். எதிரொலி போகவில்லை. கம்மலை அடகு வைத்துப் புதுப் போன் வாங்கப் போவதாகச் சொன்னார்.

நான் என் போனிலிருந்து அவருக்கு இன்டர்நெட் வழியாகப் பேசிப் பார்த்தேன். எதிரொலியே இல்லை.

"அக்கா, கம்மலைக் கழற்றாதீர்கள். உங்கள் போன் நன்றாக இருக்கிறது. கோளாறு உங்கள் மகன் பக்கத்தில்" என்றேன்.

"என் காதில்தானே கேட்கிறது? கோளாறு அவனிடம் எப்படி இருக்கும்?" என்று அக்கா கேட்டார். நீங்களும் இப்படித்தான் கேட்பீர்கள், இல்லையா?

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து 'ஓ' என்று கத்துங்கள். 'ஓ' என்று திரும்பி வரும். கத்துவது நாம். திருப்பி அனுப்புவது கிணறு. போனிலும் அப்படித்தான். மகன் பக்கம்தான் இங்கே கிணறு.

அம்மாவின் குரல் மகனுடைய போனில் உள்ள ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. சத்தம் அதிகமானால் அதே போனின் மைக் அந்தக் குரலைப் பிடித்துக்கொள்கிறது. மகன் குரலோடு சேர்த்து அதையும் அனுப்பிவிடுகிறது.

குரல் உடனே திரும்பினால் நம் காதுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனால் இன்டர்நெட்டில் குரலைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒரு நொடிப் பேச்சுக்கு 50 பொட்டலங்கள். அவை போய்ச் சேரவும், திரும்ப அடுக்கவும் நேரம் ஆகிறது. போக வரக் கால் நொடி ஆனாலே எதிரொலி தனியாகக் கேட்கும்.

இதைத் தடுக்கும் வழி போனுக்குள்ளேயே உண்டு. ஸ்பீக்கரில் ஒலித்த குரலை, மைக்கில் வரும் ஒலியிலிருந்து போன் கழித்துவிடும். இந்த முறையைப் பற்றி 1967-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் மன் மோகன் சோந்தி. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். ஆனால் ஸ்பீக்கர் அலறினால் இந்தக் கழித்தல் கணக்கும் தப்பிவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சோதியுங்கள். எதிரில் இருப்பவரை, மைக்கை மூடும் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் பேசுங்கள். எதிரொலி நின்றுவிட்டதா? அப்படியானால் அது அங்கிருந்துதான் வருகிறது.

பிறகு அவரிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துப் பேசவும். சத்தத்தைக் குறைக்கவும்.

இயர்போன் மாட்டிப் பேசினால் இன்னும் நல்லது.

தடித்த கவர் மைக்கின் துளையை மூடியிருக்கலாம். கழற்றிவிட்டுப் பார்க்கவும்.

வெறும் சுவர் உள்ள காலி அறை வேண்டாம். துணிமணி, பாய், படுக்கை உள்ள அறையில் எதிரொலி குறையும்.

பலர் சேர்ந்து பேசும்போது, ஒரே அறையில் இரண்டு போன்களில் பேச வேண்டாம்.

அடுத்த ஞாயிறு மகன் இயர்போன் மாட்டிப் பேசினார். மருத்துவரிடம் காட்டியதையும், காய்ச்சல் விட்டதையும் அக்கா தெளிவாகக் கேட்டார். கம்மல் காதிலேயே இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். எதிரொலி நமக்குக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு அவர் பக்கம். அவருக்குக் கேட்டால், கோளாறு நம் பக்கம். அப்போது ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டியது நாம்தான்.

இதை இன்னும் நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.