நூலகப் பெரியார் அரங்கநாதனார்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம், ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடும் இந்நன்னாளில், நம்மைப் போலவே பல ஊர்களில் குடியிருந்து, சென்ற இடமெல்லாம் பயன் விளைத்த ஒரு தமிழரை நினைவுகூர்தல் தகும். அவரே சீர்காழி இராமாமிருத அரங்கநாதனார்.

1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அவர் முதலில் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சேர்ந்த சில நாட்களிலேயே அவ்வேலை சலித்தது; பழைய ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார். மாற்றல் வேண்டி மனுப் போடுவது நம் இரயில்வேத் துறையினர்க்குப் புதிதன்று! ஆயின், பயிற்சிக்கென இலண்டன் சென்றவர், அங்கே நூலகங்கள் எல்லா மக்களுக்கும் பயன்படுவதைக் கண்ணுற்றார், மனம் மாறினார்.

அக்காலத்தில் நூலைப் பூட்டிக் காப்பதே நூலகரின் கடமை எனக் கருதப்பட்டது. அன்னாரோ, படிப்போர் அலமாரி வரை சென்று தாமே நூலைத் தேர்ந்தெடுக்க வழி செய்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணராயிருந்தார். வீட்டு வரியோடு சிறு தொகை சேர்த்துப் பெற்று ஊர்தோறும் நூலகம் அமைக்க வகை செய்த சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. அஃது அவர்தம் நெடுநாள் உழைப்பின் பயனாகும்.

1945-இல் சென்னையை விட்டுக் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் தில்லி, சூரிக், உஜ்ஜயினி, இறுதியில் பெங்களூர். ஓய்வு நாடும் எழுபதாம் வயதில், 1962-இல், பெங்களூரில் நூலகவியல் ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு நிலையம் கண்டார். 1972-இல் எண்பது வயது நிறைந்து, அந்நகரிலேயே மறைந்தார்.

பொதுப்பணியில் மூழ்கியோர் இல்லத்தை மறப்பர் என்பதுண்டு. இவர் மறந்தாரல்லர். தம் வாழ்நாள் சேமிப்பினின்று ஓரிலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, நூலகவியல் பேராசிரியர் பதவி நிறுவச் செய்தபோது, அதற்குச் 'சாரதா அரங்கநாதன்' எனத் துணைவியார் பெயரையே சூட்டினார். மாற்றல் உத்தரவு வருந்தோறும் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி, புது ஊரில் மீண்டும் அடுப்பு மூட்டும் நம் தாய்மார்கள் அப்பெயரின் பெருமையை நன்குணர்வர்.

நண்பர்களே! பணி ஓய்வு பெறும் நாளில் குடியிருப்பின் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறோம். அடுத்து வருவோர்க்கு நாம் விட்டுச் செல்வது யாது? இங்கே பிறந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். தடையின்றிப் படிப்போர் சிலரே. சங்கத்தின் நூல்களோ அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. தொலைந்துவிடும் என்னும் அச்சமே காரணம். தொலைந்த நூலை மீண்டும் வாங்கலாம். படிக்காது கழிந்த பிள்ளைப் பருவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

ஆதலின், ஞாயிறுதோறும் மாலை இரண்டு மணி நேரம் அவ்வலமாரி திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து அமரலாம். அண்டை வீட்டுப் பிறமொழிக் குழந்தைகளும் வரட்டும். அவர்கட்கும் சில நூல்கள் சேர்ப்போம். அப்பெரியாருக்கு மாலையினும் சிறந்த மரியாதை அதுவே என்று கூறி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!