தண்டனை நாட்களுக்கும் கணக்கு உண்டு
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், ஒழுகும் கூரை என்று பேசவே நம் கிளைக் கூட்டம் கூடுவது வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சிறைச்சாலை. யாரும் முகஞ்சுளிக்க வேண்டாம். எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

சென்ற ஆண்டு மரம் சீவும் ஓர் அம்மா நம் சங்க அறைக்கு வந்தார். மகன் திருட்டு வழக்கில் பிடிபட்டான். ஜாமீன் எடுக்க வழியில்லை. எட்டு மாதம் விசாரணைக் கைதியாக உள்ளே கிடந்தான். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. "எட்டு மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டதே ஐயா, மீதிதானே?" என்று அந்த அம்மா கேட்டார். தீர்ப்புத் தாளை வாங்கிப் பார்த்தோம். தண்டனை தீர்ப்பு நாளிலிருந்து தொடங்குவதாக இருந்தது. எட்டு மாதம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 282ஆம் பிரிவு, நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிட்டாலன்றித் தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்கிறது. "கைதான நாளிலிருந்து கணக்கிட வேண்டுகிறோம்" என்று தண்டனை கூறும் வேளையில் யாராவது கேட்க வேண்டும். வழக்கறிஞர் கேட்கலாம், வழக்கறிஞர் இல்லாவிட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனே கேட்கலாம். மாஜிஸ்திரேட்டு ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்காக அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தோழர்களே, பால் நிறுக்கும் கொட்டகையில் நமக்கு ஒரு கிலோ குறைத்து எழுதினால் சும்மா விடுகிறோமா? அன்றைக்கே கிராணியிடம் போய் நிற்கிறோம். பெற்ற பிள்ளையின் எட்டு மாதம் எழுதாமல் விடப்பட்டால் மட்டும் தலைவிதி என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். மூன்றாண்டு என்பது 36 மாதம். சிறையில் ஒழுங்காக நடந்து வேலை செய்யும் கைதிக்குத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. 1995ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட தண்டனைக்கே இந்தக் கழிவு. 36இல் 12 போனால் 24 மாதம். கைதான நாளிலிருந்து எண்ணியிருந்தால், எட்டு மாதம் போகத் தீர்ப்புக்குப் பின் 16 மாதத்தில் வீடு திரும்பியிருப்பான். தீர்ப்பு நாளிலிருந்து எண்ணியதால் முழு 24 மாதமும் இருக்க வேண்டியதாயிற்று. ஒரு வாக்கியம் பேசாததற்கு எட்டு மாதம்!

மேல் முறையீட்டில் இதைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். மாஜிஸ்திரேட்டு நீதிமன்றம், செஷன்ஸ் நீதிமன்றம் இவற்றின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 14 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அம்மா நம்மிடம் வந்தது ஐந்தாவது வாரத்தில். காலங்கடந்த பின்னும் அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். கொடுப்பது நீதிபதியின் விருப்பம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் உள்ள இடத்துக்குக் கூட்டும் அதிகாரமும் உண்டு. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் கோபத்தில் முறையீடு செய்யக் கூடாது.

ஐந்து வாரம் அவர் ஏன் வரவில்லை? வெட்கம் ஒரு காரணம். மற்றது, ஒரு தரகன். "உள்ளே ஆள் இருக்கிறார், ஆறே மாதத்தில் பரோலில் எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லி 1,500 வெள்ளி வாங்கிக்கொண்டு அவன் மறைந்துவிட்டான். காதில் கிடந்த தோட்டை அடகு வைத்த பணம் அது.

பரோல் விற்பனைக்கு வரும் சரக்கல்ல. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த முறை அது. ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், தண்டனையில் பாதியை அனுபவித்த பிறகே பரோல் வாரியத்தின் பரிசீலனைக்குத் தகுதி பெறுகிறார். சில குற்றங்களுக்கு அந்தத் தகுதியே இல்லை. மூன்றாண்டுக்காரனுக்கு 18 மாதம் ஆக வேண்டும். ஆறு மாதத்தில் எடுத்துவிடுகிறேன் என்றவன் சொன்னது பொய் என்று அந்த ஒரு கணக்கே காட்டியிருக்கும். தகுதி வந்தாலும் விடுதலை நிச்சயமல்ல. வெளியே வந்தவர் பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளேதான். இது தவிர நிபந்தனை உரிமத்தின் பேரில் விடும் முறையும் அதே சிறைச் சட்டத்தில் இருக்கிறது. எதிலும் தரகனுக்கு வேலை இல்லை.

வேலை இருப்பது நமக்குத்தான். வெளியே வருகிறவன் எங்கே தங்குவான், என்ன செய்து பிழைப்பான் என்று கேட்பார்கள். அவனுக்கு இடம் கொடுக்கும் வீட்டின் முகவரி, வேலை கொடுக்கச் சம்மதிப்பவரின் கடிதம், இவற்றை முன்கூட்டியே தயார் செய்வது கிராணிமாருக்கு அரை நாள் வேலை. ஆள் உள்ளே போனதும் தோட்ட வீட்டைக் காலி செய்யச் சொன்னால், திரும்பி வருவதற்கு முகவரி எது? அதைச் சங்கம் நிர்வாகத்துடன் பேசியே ஆக வேண்டும்.

சிறு வழக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அபராதம் கட்ட முடியாமல் உள்ளே போகிறவர்கள் உண்டு. தவணையில் கட்டவும், அவகாசம் கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. உள்ளே போன பிறகு ஒரு பகுதியைக் கட்டினாலும் அதற்கேற்ப நாள் குறையும். மூன்று மாதத்திற்கு மேற்படாத சிறைக்கு உரியவரானால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாய வருகை உத்தரவு கேட்கலாம். வீட்டிலிருந்தபடியே நாளுக்கு நான்கு மணி நேரம் வரை மையத்தில் வேலை செய்ய வேண்டும். நேரம் ஒத்துவந்தால் காலையில் மரம் சீவிவிட்டுப் போகலாம். குடும்பத்துச் சோறு நிற்காது. இதையும் கேட்டால்தான் நீதிமன்றம் யோசிக்கும்.

உள்ளே இருப்பவனிடம் என்ன சொல்ல வேண்டும்? சண்டை சச்சரவில் மாட்டாதே என்று முதலில் சொல்லுங்கள். சிறைக் குற்றம் செய்தால் கழிவு நாட்களைப் பறிக்கலாம். ஒரு கோபம் ஒரு மாதத்தைத் தின்றுவிடும். அடி உதை பட்டாலோ மருந்து மறுக்கப்பட்டாலோ பொறுப்பதிகாரியிடம் முறையிடட்டும். சிறைக்கு வந்து பார்வையிடும் வருகை நீதிபதிகளிடமும் சொல்லலாம். வெளியே இருக்கும் நாம் மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு எழுதலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணையம் தடுப்புக் காவல் இடங்களைப் பார்வையிட அதிகாரம் உடையது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் திருத்தி மண்டேலா விதிகள் என்று பெயரிட்ட நெறிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்கின்றன. அவை நம் நாட்டுச் சட்டமல்ல என்றாலும், மனு எழுதும்போது எடுத்துக்காட்ட உதவும்.

ஆயுள் தண்டனைக்காரர்கள் வீட்டில் நம்பிக்கை அற்றுக் கிடப்போருக்கும் ஒரு செய்தி. 2023இல் கட்டாய மரண தண்டனை ஒழிந்தது. சாகும் வரை சிறை என்பதும் எடுக்கப்பட்டு, அதற்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு என்று ஆயிற்று. அவ்வாண்டே முந்தைய கைதிகளின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுபரிசீலனை செய்யவும் வழி பிறந்தது. மன்னிப்பு வேண்டுவது அரசியல் சட்டம் 42ஆம் விதிப்படி மாமன்னருக்கோ அந்தந்த மாநில ஆட்சியாளருக்கோ போகும் தனி மனு.

விசாரணை இன்றித் தடுப்புச் சட்டங்களில் வைக்கப்பட்டோருக்கு இன்று சொன்ன கழிவுக் கணக்கு பொருந்தாது. அதைத் தனியே ஒரு கூட்டத்தில் பேச வேண்டும்.

அந்த அம்மாவின் மகன் இப்போது பாதித் தண்டனையைத் தாண்டிவிட்டான். பரோலுக்கான கடிதத்தை நம் கிளைச் செயலாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் இரண்டு கிராணிமார் உட்கார்ந்திருப்பார்கள். தீர்ப்புத் தாள், கைதான தேதி, சிறை எண் இவை இருப்போர் கொண்டுவாருங்கள்; காசு வேண்டாம். வழக்கு இன்னும் முடியாதோர் முதலில் வாருங்கள். 2012 முதல் இயங்கும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் இலவச வழக்கறிஞரைப் பெற மனுப் பாரம் நிரப்பித் தருவோம்.