பிரித்து உட்காரவைத்தால் என்ன கெட்டுவிடும்?



அமெரிக்காவின் கறுப்பின உளவியலாளர் இணையர் கென்னத் கிளார்க், மேமி கிளார்க். 3 முதல் 7 வயதுவரையான கறுப்பினப் பிள்ளைகள் முன் பொம்மைகளை வைத்தார்கள். நிறம் மட்டும்தான் வேறு. 'நல்ல பொம்மை எது?' பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். 'உன்னைப் போல இருப்பது எது?' என்றதும் சிலர் அழுதுகொண்டே ஓடினார்கள்.

'தனித்தனி, ஆனால் சமம்' என்று 1896இல் சொன்ன உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் அது செல்லாது என்று 1954இல் தீர்ப்பளித்தது. கட்டடம் சமமாக இருந்தாலும், பிரிப்பதே பிள்ளை மனதில் தாழ்வை விதைக்கிறது என்றது.

கோணியில் தனியே உட்கார்ந்து படித்த அண்ணல் அம்பேத்கருக்கு இதை யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்றும் நம் மாணவர் கைகளில் சாதிக்கயிறு. அதைத் தடைசெய்யச் சொல்லி 2024இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பரிந்துரை ஒவ்வொரு வகுப்பறைக்கும் போய்ச் சேர வேண்டும்.