பாடு யாருக்கு?

(ஆரம்பாக்கத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தாய்மார்களே, வலையை உலரப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே!

கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நாலு பக்கம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். அதைப் பேசப்போவதில்லை. கொஞ்சம் முன்னால் இந்த மேடையில் நம் பிள்ளைகள் பறையடித்தார்கள். கூட்டமே எழுந்து நின்றது. அதற்கப்புறம் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் வயலின் வாசித்தாள். சர்ச்சில் கற்றுக்கொண்டதாம். அவள் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: 'அது அய்யருங்க வாத்தியமாச்சே, நமக்கு இன்னாத்துக்கு?' எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தப் பெண் வில்லை இறக்கிவிட்டாள்.

அவள் இசைக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள் என்றும், அவள் வீட்டுக்குப் போய் 'நர்சிங் சேர்த்துவிடுங்க, வாசிச்சே ஆகணும்னா நம்ம பறைக் குழுவுல வரட்டும்' என்று சொன்னது நம் தோழர்களே என்றும் கேள்விப்பட்டேன். அதனால் இன்றைக்கு என் பேச்சு அந்தக் கேள்விக்குத்தான். அது யார் வாத்தியம்?

முதலில் என் கதை. என் அப்பா இந்த ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்தவர். பேங்க் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு வயலின் வாங்கினேன். டவுனில் ஒரு வாத்தியாரிடம் போனேன். அவர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், அப்பா தொழிலைக் கேட்டார். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'விரல் தடிச்ச விரலா இருக்கே, இதுக்கு நிக்காது' என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன், தோழர்களே. விரல்தான் காரணம் என்று பல வருசம் நம்பினேன். அந்த வயலின் இன்றைக்கும் பீரோ மேல் கிடக்கிறது. அந்தப் பெண் வில்லை இறக்கியபோது அந்த பீரோதான் ஞாபகம் வந்தது.

தந்தி வாத்தியத்தைத் தமிழில் முதலில் யார் வைத்திருந்தார்கள்? பாணர்கள். சீறியாழும் பேரியாழும் தோளில் மாட்டி ஊர் ஊராக நடந்தவர்கள். மாங்குடி கிழார் என்ற புலவர் புறநானூற்றில் குடி என்றால் நான்குதான் என்கிறார். அந்த நான்கில் பாணனும் இருக்கிறான், பறையனும் இருக்கிறான். யாழும் பறையும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது. யாழின் தந்திக்குப் பெயரே நரம்பு. இன்றைக்குத் தனிக் கச்சேரிக்காரர் என்கிறோமே, அந்தத் தொழிலைத் தமிழ் மண்ணில் முதலில் செய்தவன் பாணன்.

அவனுக்கு என்ன ஆயிற்று? பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். ஞானசம்பந்தரோடு கூடவே நடந்து, அவர் பாட்டுக்கு யாழ் வாசித்தவர். பாணரின் சுற்றத்தார் பெருமையாகச் சொல்கிறார்கள், யாழால்தான் அந்தப் பாட்டு பரவுகிறது என்று. பதறிப்போன பாணர் யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடச் சொல்லிச் சம்பந்தரையே கேட்கிறார். அவரும் பாடுகிறார். வாசிக்க முடியாத பாணர் யாழையே உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுக்கிறார். யாழ்முரி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். வாசிக்கிறவன் 'நான் பக்கவாத்தியம்தான்' என்று தன் வாயால் ஒப்புக்கொள்ள வைத்த கதை இது.

திருப்பாணாழ்வார் கதை தெரியும் உங்களுக்கு. ஆற்றங்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தவரை ஒதுங்கச் சொல்லிக் கல்லால் அடித்தார்கள். ரத்தம் வந்தது. பிறகு அடித்தவர் தோளிலேயே ஏற்றிக் கோயிலுக்குள் கொண்டுபோனார்களாம். உள்ளே போனவர் பெருமாளோடு கலந்துவிட்டாராம். நந்தன் நெருப்புக்குள் போனான், பாணன் கருவறைக்குள் போனான். ரெண்டு பேரும் திரும்பி வரவில்லை. இன்னொன்றும் கேளுங்கள். தேவாரச் சுவடிகள் கிடைத்தபோது அதற்குப் பண் தெரிந்தவர் யாருமில்லை. கடைசியில் திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண் அமைத்தாள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. பாட்டுக்கு மட்டும் அவள் வேண்டும். அவளுக்குப் பெயர்கூட எழுதி வைக்கவில்லை.

சரி, வயலினுக்கு வருவோம். அது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், இங்கிருந்து தெற்கே எண்ணூருக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது, கோட்டை வெள்ளைக்காரர்களின் இசையைக் கேட்டு இதைக் கற்றுக்கொண்டார் என்பது வரலாறு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு நட்டுவனார் மரபில் வந்தவர். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். ஆக, பரதேசத்து வாத்தியம் ஒன்று ரெண்டு தலைமுறைக்குள் 'நம் பாரம்பரியம்' ஆகிவிட்டது. கப்பலில் வந்தபோது அதற்குச் சாதி இல்லை. இறங்கின இடத்தில்தான் மாட்டிவிட்டார்கள்.

இன்னொரு உண்மை. அந்தக் காலத்து வயலின் தந்தி எதனால் செய்தது? ஆட்டுக் குடலால். இப்போதுதான் உலோகமும் நைலானும். வில்லில் கட்டியிருப்பது குதிரை மயிர். பலகையை ஒட்டுகிற பசை மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்தது. நாம் மாட்டுத் தோலைக் காய வைத்துப் பறை கட்டினால் தீட்டு. அவர் ஆட்டுக் குடலை முறுக்கித் தோளில் வைத்தால் தெய்வீகம். பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்தைக் கேட்கவே வேண்டாம். மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் இருக்கிறது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள், தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் இடம் கொடுத்து, பிறகு மறுத்துவிட்டது. தோல் மேடைக்குப் போகலாம். தோல் யாருடையது என்ற பேச்சு மட்டும் போகக்கூடாது.

வெளியூர் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள், உங்களுக்காக இந்த ஏரியைப் பற்றி ஒரு விசயம். பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். சண்டை வராமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் சீட்டில் பேர் இருக்க வேண்டுமே? குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட சாதியில் பிறந்தவனுக்குத்தான் பேர். நம்மாளும் இருளரும் கரையோரம் கையால் தடவ வேண்டியதுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற பட்டினவர் அண்ணன்மார் கோபப்படக்கூடாது. உங்களையும் துறைமுகக்காரனும் கம்பெனிக்காரனும் கடலை விட்டுத் தள்ளுகிறான் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது முறையைப் பற்றி.

கச்சேரி மேடையும் ஒரு பாடுதான், தோழர்களே. பாடுகிறவர் நடுவில். வயலின் அவருக்கு இடது பக்கம். மிருதங்கம் வலது பக்கம். அந்த இடது பக்கத்தில் உட்காரவே குரு வீட்டில் வருசக்கணக்காகக் கிடக்க வேண்டும். எந்த வீட்டுக்குள் யார் கிடக்கலாம்? அங்கேயே சீட்டு முடிந்துவிடுகிறது. பிறகு சபாக்காரர் கூப்பிட வேண்டும். பெரிய பாடகர் 'இவர் எனக்கு வாசிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். வயலினைத் தனியாக நடுவில் உட்கார வைக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் துவாரம் வேங்கடசாமி நாயுடு. பார்வை சரியில்லாத மனிதர். 1941இல் சங்கீத கலாநிதி ஆனார். பெண் வயலின் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைக்க 2016 வரை ஆயிற்று, ஏ. கன்யாகுமரிக்கு. ஒரு பெண் இடது பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர இவ்வளவு காலம். நம்ம தெருப் பெண்ணுக்கு எவ்வளவு காலம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மேற்கே சேம்பர் மியூசிக் என்பார்கள். மைக் இல்லாமல், ஓர் அறைக்குள், நாலு பேர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது. நமக்கும் அது இருந்தது. வீணை தனம்மாள் (1867-1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்து கேட்பார்கள். அவர் தேவதாசி மரபில் வந்தவர். கடைசிக் காலத்தில் பார்வையும் போய், பணமும் இல்லாமல் இருந்தார். அந்த மரபுப் பெண்களிடமிருந்து இசையை வாங்கிக்கொண்டு, 'குடும்பப் பெண்கள் பாடலாம்' என்று மேடையைக் கழுவிவிட்டார்கள். பாணனுக்கு நடந்ததேதான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. 1803இல் பீத்தோவன் ஒரு வயலின் சொனாட்டா எழுதி, பிரிட்ஜ்டவர் என்ற கறுப்பின வயலின் கலைஞரோடு வியன்னாவில் சேர்ந்து வாசித்தார். பிறகு சண்டை வந்து, அதை வேறொருவருக்குக் காணிக்கை ஆக்கினார். க்ராய்ட்சர் என்ற அந்த ஆள் அதை வாசிக்கவே இல்லை. ஆனால் இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த இசை ஓடுகிறது. வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆள் எடுக்கும்போது நடுவில் திரை கட்டினார்கள். செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாமலிருக்க விரிப்பும் போட்டார்கள். காது மட்டும் தீர்ப்புச் சொல்லட்டும் என்றார்கள். பெண்கள் உள்ளே வந்தார்கள். என் வாத்தியாருக்கு முன்னால் ஒரு திரை கட்டியிருந்தால் என் விரலை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

நம்மூரில் அப்படி ஒரு திரை கொஞ்ச காலம் இருந்தது. சினிமா ரெக்கார்டிங் தியேட்டர். அங்கே நோட்ஸ் படிக்கத் தெரிய வேண்டும், முதல் டேக்கில் சரியாக வாசிக்க வேண்டும். கோத்திரம் கேட்க நேரமில்லை. சர்ச்சில் நோட்ஸ் கற்றவர்கள் பலர் அப்படித்தான் கோடம்பாக்கத்தில் வயலின், வியோலா, செல்லோ வாசித்துக் குடும்பம் நடத்தினார்கள். கால்ஷீட் கணக்கில் கூலி. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அந்த வாசிப்பவர்களை நம்பித்தான் தன் இசையை எழுதினார். அவரை எந்தச் சாதிப் பெட்டிக்குள்ளும் நான் அடைக்கவில்லை. அவருக்கும் அது பிடிக்காது. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. அதில் வயலின் வி.எஸ். நரசிம்மன். அதே நரசிம்மன்தான் பிறகு ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் அமைத்து, தியாகராஜர் கீர்த்தனைகளை அறை இசையாக வாசித்தார். 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. டிவியில் நீங்களும் கைதட்டினீர்கள். அன்றைக்கு யாரும் 'நமக்கு இன்னாத்துக்கு' என்று கேட்கவில்லையே!

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தபிறகு அந்த ஸ்டுடியோ வேலை சுருங்கிவிட்டது. முப்பது பேர் வாசித்ததை ஒரு பெட்டி வாசிக்கிறது. இந்தத் தொழிலில் மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. லோன் பாரத்தில் 'தொழில்: இசைக் கலைஞர்' என்று எழுதினால் மேனேஜர் என்ன முகம் காட்டுவார் என்று எனக்குத் தெரியும். டியூசன், ஸ்கூல் வாத்தியார் வேலை, கல்யாண ரிசப்சன், எப்போதாவது ஒரு ரெக்கார்டிங், எல்லாம் சேர்ந்துதான் பிழைப்பு. அதனால் பயப்படுகிற அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் வயலின் மூன்று வருசப் படிப்பு இருக்கிறது. சென்னையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 2013இல் இசைக்கென்றே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. மேற்கத்திய தந்தி வாத்தியத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தர ஏ.ஆர். ரகுமானின் கல்லூரியில் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தார்கள். அங்கீகாரமுள்ள படிப்பு என்றால் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது. கேட்டால் எனக்குச் சொல்லுங்கள். பாரம் நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாகப் பறைக் குழுத் தோழர்களுக்கு. பறை நம் விடுதலையின் குரல், சந்தேகமில்லை. ஆனால் நம் தாத்தாக்கள் சாவுக்கு அடித்தது விரும்பியா? கட்டாயம். 'அடிக்கமாட்டேன்' என்று கீழே போட்டவனும் போராளிதான், 'என் மேடையில் நான் அடிப்பேன்' என்று எடுத்தவனும் போராளிதான். ரெண்டு பேரும் கேட்டது தேர்ந்தெடுக்கும் உரிமையை. 'நீ பறைதான் அடிக்கணும்' என்று ஊர்க்காரன் சொன்னான். அதையே ஒரு பதினேழு வயசுப் பெண்ணிடம் நாம் சொன்னால், ஊர்க்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டில் அவளுக்கு வாசிக்க இடமில்லை. ஒரே அறை, ஆறு பேர், டிவி. வயலினுக்குத் தினசரி சாதகம் வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் ஒருநாள் பீரோ மேல் ஏறிவிடும். நம் மன்றம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை பூட்டிக் கிடக்கிறது. தலைவர் அண்ணே, சாவி உங்க இடுப்பில்தானே இருக்கு? இந்தக் கூட்டம் முடிவதற்குள் அதை அந்தப் பெண் கையில் கொடுத்துவிடுங்கள். எட்டு மணிக்கு அவள் பூட்டித் திருப்பித் தருவாள்.

பின்னாலிருந்து குரல் கொடுத்த அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். தாயி, நீ எழுந்து வா. பாதியில் நிறுத்தினாயே, அதை முதலிலிருந்து வாசி. அண்ணே, இந்தத் தடவை முடிகிற வரைக்கும் கேளுங்க.

ஜெய் பீம்.