சிறுத்த இரைப்பைக்குச் சத்தான குளிர்பண்டம்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவருக்கு, "ரெண்டு வாய்க்கு மேலே இறங்கலையே" என்று கவலை வரும். பயப்படாதீர்கள். அந்த ரெண்டு வாயும் முதலில் புரதமாக இருக்கட்டும். நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் தேவை. குறைந்தால் தசை கரையும், முடி கொட்டும்.

மசித்த உணவு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு இதைச் செய்யுங்கள். கணவரே செய்து கொடுக்கலாமே!

கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். ஒரு டம்ளர் வடிதயிருடன் ரெண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு, நாலு துண்டு பழுத்த பப்பாளி சேர்த்து நன்றாக மசித்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வையுங்கள். சர்க்கரை, வெல்லம் கூடவே கூடாது. படபடப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். சிறு கரண்டியால் மெதுவாகச் சாப்பிடவேண்டும்.

தம்பதியருக்கு இன்னொரு வார்த்தை. எடை குறையும்போது கரு எளிதில் தங்கும். ஆனால் தாய்க்கே சத்துப் போதாத காலம் அது. பிள்ளைக்கு எங்கே போவது? குறைந்தது ஒன்று, ஒன்றரை வருடம் பொறுத்திருங்கள். சிலவகை அறுவைக்குப் பின் கருத்தடை மாத்திரை உடலில் சரியாகச் சேராது. ஆணுறை, காப்பர்-டி பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.