துண்டுச் சீட்டும் மனச்சாட்சியும்

‘எதிக்ஸ்’, ‘மோரல்ஸ்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே பொருளில் பேசிவிடுகிறோம். ஆனால் ஒரு தொழில் தனக்குள் வகுத்துக்கொள்ளும் நடத்தை விதி வேறு, ‘இது நியாயமா?’ என்று மனச்சாட்சி கேட்பது வேறு. முன்னதை எதிக்ஸ் என்றும் பின்னதை மோரல்ஸ் என்றும் பிரித்தே பார்க்க வேண்டும் என்பேன். ஏன் என்பதை நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறே சொல்லும்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரு காலத்தில் இருந்த துண்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் மாற நினைக்கும் தொழிலாளிக்கு ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டத்துத் துரை, அதாவது நிர்வாகி, கட்டும் பணம் தொழிலாளரைத் திரட்டி வைத்திருந்த பெரிய கங்காணியின் கணக்கில் ஏறி, கடைசியில் தொழிலாளியின் தலையிலேயே விடியும். தோட்டம் மாறும், கடன் மாறாது. துண்டு இல்லாதவரை எடுக்கக்கூடாது என்பது துரைமாருக்குள் இருந்த தொழில் நாணயம். அதைக் காத்தவருக்கு அவர்கள் வட்டாரத்தில் நல்ல பெயர். ஆனால் அந்த நாணயம் கடனோடு ஆளையும் சேர்த்தல்லவா கைமாற்றியது? விதிப்படி அதில் பிழையில்லை, நேயர்களே. அறத்தின்படி அது கொடுமை. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் விதி எதற்கு, மனச்சாட்சி போதாதா என்று கேட்கலாம். போதாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பிரட்டில் நின்று ஒரே மலையில் உழைத்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி தருவது நெடுங்காலம் வழக்கமாகவே இருந்தது. பழகிப்போனதை மனச்சாட்சியும் உறுத்தாமல் விட்டுவிடும். 1984இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் கூலி சமமானது. வழக்கம் கண்ணை மறைக்கும் இடத்தில் எழுதிவைத்த விதியே துணை.

இன்று தேயிலைப் பெட்டிகளில் நன்னடத்தைச் சான்று முத்திரைகளைப் பார்க்கிறோம், அவை நல்லவையே. ஆனால் கொழுந்து நிறுக்கையில் ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கும் எடை நியாயமானதா என்பதை ஒவ்வொரு நாளும் தராசடியில் நிற்பவர்தான் பார்க்க வேண்டும். விதியில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், இது நியாயமா என்றும் கேட்கும் கணக்கப்பிள்ளைகளும் துரைமாரும் தொழிற்சங்கத் தலைவர்மாரும் நம் தோட்டங்களில் பெருகட்டும்.