எதைப் படிப்பது? எப்படிப் படிப்பது?



பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும், எங்கள் ராதாபுரம் வட்டாரத்து வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பிள்ளைக்கு எந்தக் குரூப்பு?" என்பதே அக்கேள்வி. மாமன் ஒன்று சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். வள்ளியூருக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர்கூட ஒரு யோசனை கூறுவார். எல்லாரையும் கேட்டுவிட்டு, இரண்டாண்டுக் காலம் அந்தப் பாடங்களோடு மல்லுக்கட்டப் போகிற பிள்ளையைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பொருந்தாத பாடத்தில் சிக்கிய பையன் எப்படியோ தட்டுத் தடுமாறி வேறு வழி தேடிக்கொள்வான். பெண்பிள்ளையின் நிலை அப்படியன்று. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிவிட்டாலே, "போதும் படித்தது" என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. துணைத் தேர்வு எழுதியிருக்க வேண்டிய மாணவியரின் திருமண அழைப்பிதழ்களை நான் கையில் வாங்கியதுண்டு. ஆதலின் இன்று இரண்டு செய்திகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒன்று, எதைப் படிப்பது என்பது. மற்றொன்று, எப்படிப் படிப்பது என்பது. இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே என்பது என் துணிபு.

முதலில் பாடத் தேர்வு. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளோடு நான்கு பாடங்கள் கொண்ட பிரிவு ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்கின்றனர். இந்தத் தேர்வில் அறிந்துகொள்ள வேண்டிய முதற்செய்தி, எந்தப் பிரிவை எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்பதே. கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியற் கல்லூரிப் பட்டப் படிப்பை நினைத்தல் அரிது. 2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை; கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டே தரவரிசை வகுக்கின்றனர். உயிரியல் இல்லாதவர் மருத்துவத்திற்கான நீட் தேர்வை எண்ணிப் பயனில்லை. சட்டம், பட்டயக் கணக்காளர் படிப்பு, வரலாறு, மொழி ஆகியவற்றின் வாயிலோ எந்தப் பிரிவினருக்கும் திறந்தே இருக்கிறது. உள்ளம் இன்னும் ஒன்றில் நிலைபெறாத மாணவர், கணிதத்தில் அச்சம் இல்லையாயின் கணிதத்தைக் கைவிடாதிருத்தல் நலம். பின்னாளில் கணிதத்திலிருந்து வேறு துறைக்குச் செல்வது எளிது. வேறு துறையிலிருந்து கணிதத்திற்குத் திரும்புவது கடினம்.

கதவுகளை அறிந்தபின், எந்தக் கதவு நமக்குரியது என்று காண்பது எப்படி? மதிப்பெண் மட்டும் இதற்கு அளவுகோல் ஆகாது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அந்த மதிப்பெண் தாள் சொல்லாது. நான் மாணவர்களிடம் சொல்லிவந்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பாடத்தில் விடை தவறாகப் போனால் மறுபடியும் போட்டுப் பார்க்க உன் கை தானாக நீள்கிறதா? யாரும் அழைக்காமல் எந்தப் புத்தகத்தை நீ எடுக்கிறாய்? அதுவே உன் பாடம். இனிக்கிற போது படிக்கிற பாடம் எல்லாருக்கும் உண்டு. கசக்கிற போதும் விடாமல் படிக்கிற பாடமே வாழ்நாளுக்கு உதவும்.

கருப்பட்டி வாணிகம் செய்யும் ஒருவரின் மகன் என்னிடம் படித்தான். தந்தையின் கொள்முதல், விற்பனை, பாக்கி அனைத்தையும் எட்டாம் வகுப்பிலிருந்தே அவன்தான் எழுதிவந்தான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். "இவ்வளவு மார்க்கு வாங்கினவனை வணிகவியலில் தள்ளச் சொல்லுகிறீர்களே ஐயா, ஊர் என்ன சொல்லும்?" என்று தந்தையார் என்னிடம் வருந்தினார். "அண்ணாச்சி, உங்கள் கடையில் ஒரு ரூபாய் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் இவன் உறங்குவதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்தக் குணம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை" என்றேன். அவர் அரைமனத்தோடு இசைந்தார். பையன் இன்று தணிக்கையாளராக இருக்கிறான். ஊர் என்ன சொன்னது என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை.

எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். அணுமின் நிலையம் இருப்பது கூடங்குளத்தில். விண்வெளி ஊர்திகளின் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கும் இஸ்ரோவின் நிலையம் இருப்பது மகேந்திரகிரியில். பணகுடி, காவல்கிணறுப் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. இவற்றுள் ஒவ்வொன்றின் பின்னாலும் இயற்பியல் மட்டுமா நிற்கிறது? குளிர்விக்கும் நீரைத் தூய்மை செய்ய வேதியியல் வேண்டும். வரவு செலவைப் பார்க்கக் கணக்குப்பதிவியல் வேண்டும். நிலத்திற்கும் ஒப்பந்தத்திற்கும் சட்டம் வேண்டும். எஃகைப் பற்றவைக்கத் தொழிற்பயிற்சி பெற்ற கை வேண்டும்.

வரலாறும் மொழியும் எடுப்பவர்களைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள இடையன்குடியில் 1841ஆம் ஆண்டு முதல் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தேரிக்காட்டு ஊர் ஒன்றில் இருந்துகொண்டு அவர் கற்ற மொழியறிவு உலகத்து அறிஞர்களைத் தமிழின் பக்கம் திரும்பச் செய்தது. தாமிரபரணிப் படுகையிலுள்ள சிவகளையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த பொருள்கள் இன்று நம் பழமையை மறு ஆய்வு செய்யத் தூண்டியிருக்கின்றன. அங்கே மண்ணைத் தோண்டிக் காண்பவன் வரலாறு கற்றவன். அதன் காலத்தைக் கணிப்பவன் இயற்பியல் கற்றவன். ஒருவனின்றி மற்றவன் இல்லை.

நிற்க. தேர்ந்த பிரிவு கிடைக்கவில்லை என்றால் வாழ்வு முடிந்ததா? இல்லவே இல்லை. நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் குடும்பத்திற் பிறந்த சிவன் அவர்கள் தமிழ்வழியில் அரசுப் பள்ளியிற் படித்தவர். பள்ளி முடித்ததும் அவர் சேர்ந்தது பொறியியற் கல்லூரி அன்று; நாகர்கோவில் தெ. தி. இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம் படித்தார். அந்நாளில் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனம் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு பொறியியல் கற்பித்துவந்தது. அவர் அங்கே சென்று 1980இல் வானூர்திப் பொறியியலில் தேறினார். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராய் விளங்கினார். அவருக்கு முன்னே அதே வழியில் திருச்சியில் இயற்பியல் படித்துவிட்டு எம்.ஐ.டி. சென்றவர் அப்துல் கலாம் அவர்கள். 2025 சனவரியில் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நாராயணன் அவர்களும் குமரி மாவட்டத்துக் கிராமத்தவரே. இயந்திரவியல் பட்டயப் படிப்பில் தொடங்கி, பணியிலிருந்துகொண்டே மேற்படிப்புகளை முடித்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக விளங்கிய நிகர் சாஜி அவர்கள் செங்கோட்டையிற் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். அந்த விண்கலம் 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டது. இவர்கள் எல்லாரும் ஒரே வாயிலில் நுழைந்தவர் அல்லர். எந்த வாயிலில் நுழைந்தாலும் படிப்பை விடாதவர்கள்.

பட்டயப் படிப்பு முடித்தவர் பொறியியற் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வழி இன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. இவற்றை அறியாமலே வாய்ப்பை இழப்பவர் பலர். பத்தாம் வகுப்பிலேயே உங்கள் தலைமையாசிரியரை அணுகிக் கேளுங்கள்.

இனி, எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். நம் மாணவர்களுள் பெரும்பாலோர் படிப்பதாக எண்ணிக்கொண்டு செய்வது, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிய முகங்களாகத் தெரிகின்றன. "எனக்குத் தெரியும்" என்னும் மயக்கம் உண்டாகிறது. முகம் பழகுவது வேறு, பெயர் சொல்லி அழைக்க வருவது வேறு அன்றோ? தேர்வு மண்டபத்தில் வேண்டுவது இரண்டாவது.

ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 2006ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை வாசித்தனர். மற்றோர் உரைப்பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, அதைப் பாராமலே நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்த பகுதியே சற்றுக் கூடுதலாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, இருமுறை வாசித்த பகுதியில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்த பகுதியில் 56 விழுக்காடும் நினைவில் இருந்தன. நாளைக் காலைத் தேர்வுக்கு இன்றிரவு வாசிப்பவன் ஏன் தேறிவிடுகிறான், ஆண்டு இறுதியில் ஏன் தடுமாறுகிறான் என்பது இதனால் விளங்கும்.

இது நமக்குப் புதிதும் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே, கேட்டதை மீண்டும் எண்ணிப் பார்ப்பதும், உடன் பயில்வோரோடு வினவியும் விடை சொல்லியும் பழகுவதும் மாணவனின் கடமைகள் என்று வகுத்துவைத்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் பாடம் சொன்னான். பிறருக்குச் சொல்லும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது நமக்கே தெரிகிறது.

பீடி சுற்றும் தாய் ஒருத்தியின் மகள் என் பள்ளியில் பயின்றாள். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் தாய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை சுருட்ட, மகள் எதிரே அமர்ந்து அன்றைய பாடத்தைப் புத்தகம் இல்லாமல் சொல்லுவாள். தாய் இடையிடையே, "அது ஏன் அப்படி ஆகுது?" என்று கேட்பாள். விடை சொல்ல வராவிட்டால் மகள் எழுந்து போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவாள். தனி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீடு அது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். படிப்பறியாத தாய் தன் மகளுக்கு நல்ல தேர்வாளராக அமைந்தாள். பெற்றோர்களே, எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். "ஏன்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

இரண்டாவதாக, முறை வைத்துப் படியுங்கள். எங்கள் ராதாபுரம் கால்வாய் கோதையாற்றுப் பாசனத்தின் கடைக்கோடியில் இருப்பது. தண்ணீரின் அருமை எங்கள் உழவர்க்குத் தெரியும். பத்து நாள் தண்ணீரை ஒரே நாளில் வயலில் கட்டினால் பயிர் பிழைக்குமா? அளவோடு விட்டு, காயவிட்டு, மறுபடியும் பாய்ச்சுகிறோம். படிப்பும் அப்படியே. இன்று கற்ற பாடத்தை இன்றிரவே பத்து நிமிடம் நினைவுகூருங்கள். மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, மாத முடிவில் ஒருமுறை. மறந்துபோகும் தறுவாயில் நினைவுகூர்வது கடினமாக இருக்கும். அந்தக் கடினமே நன்மை.

மூன்றாவதாக, கணக்கைக் கண்ணால் படிக்காதீர்கள், கையால் போடுங்கள். தீர்த்துக் காட்டிய கணக்கை மூடிவைத்துவிட்டுத் தாமே போட்டுப் பாருங்கள். தவறியவற்றை மட்டும் எழுத ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்திய வாரத்தில் உங்களுக்கு உதவும் புத்தகம் அந்த நோட்டுதான். எந்தக் கடையிலும் அது விற்பதில்லை.

நான்காவதாக, ஒரே வேளை, ஒரே இடம். நாற்பது நிமிடம் படித்து, பத்து நிமிடம் எழுந்து நடமாடி, மறுபடியும் அமருங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு மன உறுதியைச் சோதிக்க வேண்டாம். உறக்கத்தைக் குறைத்துப் படிக்கும் பிள்ளையை மெச்சாதீர்கள். பகலிற் கற்றது உள்ளத்தில் நிலைபெறுவது இரவின் உறக்கத்தில் என்பது இன்று ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொண்ட உண்மை.

எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்னும் இரண்டும் ஒன்றே என்று தொடக்கத்திற் கூறினேன். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள் என்றேன் அல்லவா? ஒரு மாதம் எல்லாப் பாடத்திலும் அவ்வாறு செய்துபாருங்கள். எந்தப் பாடத்தில் சொல்ல வராதபோது சினம் வராமல் ஆவல் வருகிறதோ, அந்தப் பாடம் உங்களைத் தேர்ந்துகொண்டது என்று அறியலாம். அதன்பின் உறவினருக்கு விடை சொல்வதும் எளிது. ஊர் எதை மெச்சுகிறது என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். உங்கள் உழைப்புப் பழக்கம் உங்களோடு இருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல் கூறி முடிக்கிறேன். தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். தவறிய பாடத்தை அவ்வாண்டிலேயே துணைத் தேர்வில் எழுதிவிடலாம். பிள்ளை நம் பக்கத்தில் இருந்தால் எந்தப் பாடத்தையும் மறுபடி படிக்கலாம்.